கருப்பனின் சேவல்

இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்று வருடம் நான் சிறுமலை அடிவாரத்தில் இறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குப் பெயர் முனைவர் பட்டம். அங்கே புதர்க்காட்டில் இருந்த சின்னக் கூட்டம் சுத்தமான காட்டுக்கோழிதானா, ஊர்க்கோழியோடு கலந்துவிட்டதா என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். உதிர்ந்த இறகைக் காகித உறையில் போட்டு வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதன் அடிக்குருத்திலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள். வாத்தியாரான என் அப்பா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலையணை தைக்கப் போகிறாயா என்றார்.

முடிவு வந்தது. அந்த வருடத்துக் குஞ்சுகளில் பாதிக்கு அப்பன் ஊர்ச்சேவல். இந்தக் கலப்பு நின்று, அடுத்த பருவத்துக் குஞ்சுகள் சுத்தமாக வந்தால்தான் ஆய்வேட்டை முடிக்கலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. பட்டம் போனால் போகிறது. கழுத்தெல்லாம் மஞ்சள் பொட்டு வைத்த அந்தச் சாம்பல் சேவல் கூவுவதைக் கேட்கத்தான் நான் தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

குற்றவாளி இரண்டே நாளில் அகப்பட்டது. செக்கச்செவேலென்று ஒரு ஊர்ச்சேவல், காலையில் ஆபீஸுக்குப் போவதுபோல் புதருக்குள் போய், சாயங்காலம் கருப்பசாமி கோயில் சுவரில் வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே போய் அதற்குத் தீனி போடுகிற அம்மாவைப் பிடித்தேன். பூந்தோட்டம் வைத்திருந்தவர். கூண்டு வாங்கித் தருகிறேன், அடைத்து வையுங்கள் என்றேன். இல்லையென்றால் எனக்கு விற்றுவிடுங்கள் என்றேன். அந்த ஊரில் எனக்குக் கோழி டீச்சர் என்று பெயர்.

"அது கருப்பனுக்கு நேந்து விட்டது டீச்சர். அடைக்கவும் கூடாது, விக்கவும் கூடாது. எம்மக ப்ளஸ் டூ கணக்குல பாசாகட்டும், அன்னிக்கே அறுத்துர்றேன்" என்றார்.

மகள் அதற்குள் இரண்டு தடவை கணக்கில் பெயிலாகியிருந்தாள். அவளுடைய நோட்டை வாங்கிப் புரட்டினேன். சேவலுக்கு ஆயுசு கெட்டி என்று தெரிந்தது.

வேறு வழியில்லாமல் காட்டுக்கோழி இனத்தைக் காப்பாற்ற நான் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பகலில் இறகு, சாயங்காலம் தொகைநுண்கணிதம். அந்தப் பெண் மக்கு இல்லை, பயந்தவள். நானோ முன்கோபக்காரி. ஒரே கணக்கை நாலாவது முறை தப்பாகப் போட்டால் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிடும். அப்போது பார்த்து அந்தச் சேவல் சுவரில் நின்று கூவும். அதன் மேல் இருந்த ஆத்திரத்திலேயே விடாப்பிடியாக நடத்தினேன்.

மூன்றாம் தடவை பாஸ் மார்க்கை ஒட்டி வந்து தேறிவிட்டாள். அவளைவிட நான்தான் அதிகமாகக் குதித்தேன். அந்த அம்மா சொன்ன சொல் தவறாமல் அன்றைக்கே சேவலை அறுத்து, எனக்கும் ஒரு தூக்குவாளியில் குழம்பு கொடுத்தனுப்பினார். வெள்ளிக்கிழமை கறி தொடாத குடும்பம் எங்களுடையது. அன்று வெள்ளிக்கிழமை என்பதை நான் வேண்டுமென்றே மறந்தேன். மரபணு உட்பட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மறுவாரம் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இனி ஒரு பருவம்தான், எல்லாம் சுத்தமாகிவிடும் என்று வழியெல்லாம் சந்தோஷம். கோயிலை நெருங்கும்போது இரண்டு செவ்வண்ண இளஞ்சேவல்கள் என்னைக் கடந்து புதர்ப் பக்கம் நடந்தன. அந்த அம்மா வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எம்புள்ளைக்கு இம்புட்டுச் செஞ்சிருக்கீக. நாஞ் சும்மா இருப்பேனா? ஒங்க ஆராய்ச்சி நல்லபடியா முடியணும்னு கருப்பனுக்கு ரெண்டா நேந்து விட்டுட்டேன் டீச்சர். அது முடியிற வரைக்கும் ஒருத்தனும் அதுக மேல கை வைக்க முடியாது" என்றார்.

நான் தூக்குவாளியை அவரிடம் கொடுத்துவிட்டு, பையிலிருந்து காகித உறைகளை எடுத்துக்கொண்டு புதருக்குள் போனேன்.