முயலுக்குப் பார்த்த வைத்தியம்

போன குளிர்காலம், கனடாவில் மார்க்கம் நகரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. சிநேகிதிகளோடு மொன்றியலுக்குப் போன மகள், தன் முயலை எங்கள் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாள். கூட்டில் எந்நேரமும் காய்ந்த புல் இருக்க வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றாள்.

எங்களுக்கு அது போதுமா? வாயில்லாத ஜீவனுக்கு வெறும் புல்லைப் போட மனைவிக்கு மனம் வரவில்லை. கோயிலில் தந்த வாழைப்பழத்தில் பாதியைக் கொடுத்தாள், பிறகு பிஸ்கட். நானும் என் பங்குக்குக் கரட் நீட்டினேன். முயலும் ஆசையாய்த்தான் தின்றது. மறுநாள் காலை பார்த்தால், மூலையில் உம்மென்று குந்திக்கொண்டிருக்கிறது. எதைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வயிறு ஊதிப்போச்சு. ஒருநாள் வயித்தைக் காயப்போட்டால் எல்லாம் சரிவரும்" என்றாள் மனைவி. எங்கள் வீட்டில் யாருக்கு வயிறு குழம்பினாலும் முதல் வைத்தியம் அதுதான். நானும் ஓமென்று, கூட்டில் கிடந்த புல்லை ஒன்றுவிடாமல் அள்ளி எடுத்தேன். கெட்டிக்காரத்தனமாக மகளுக்குப் போன் எடுத்து அதைச் சொல்லவும் செய்தேன்.

"ஐயோ அப்பா, நோ! ராபிட்டைப் பட்டினி போடக்கூடாது, செத்துப்போயிடும். இப்பவே டொக்டரிட்டைக் கொண்டுபோங்கோ!" என்று அழத் தொடங்கிவிட்டாள். முயலை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு காரில் ஏறினோம்.

பெட்டியை மடியில் வைத்தபடி மனைவி வழியெல்லாம் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். டொக்டர் சொல்லித்தான் தெரிந்தது: முயலின் குடலுக்குள் எப்போதும் புல் போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம், அது நின்றால் உயிருக்கே ஆபத்தாம். ஆனால் அவர் எங்களைத் திட்டவில்லை. நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று சொல்லி ஊசி போட்டார். புல் மாவைத் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் பருக்கச் சொன்னார்; புழுக்கை போட்டால் பிழைத்துவிடும் என்றார். வீட்டுக்கு வந்து கூட்டில் மறுபடி புல்லைப் போட்டோம். இரண்டு பேரும் முயலைத் துவாயில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம்.

அடுத்தநாள் மத்தியானம் மனைவி கத்தினாள். "இஞ்சை ஓடி வாங்கோ!" முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். கூட்டுக்குள் நாலைந்து புழுக்கை! பக்கத்தில் முயல் புல்லைக் கறுமுறுவென்று கடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. உடனே அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

அன்பாலேயே ஓர் உயிரை எடுக்கப் பார்த்தோமே என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு திக்கென்கிறது. ஆனாலும் அந்தப் புழுக்கையைக் கண்டபோது வந்ததுபோல ஒரு நிம்மதி, எனக்கு இன்றுவரை வேறு எதிலும் வந்ததில்லை.