செவலையின் குட்டி

என் வீட்டுக்காரர் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் குதிரை வண்டி ஓட்டினார். அறுபதுகளின் கடைசியில், பெங்களூர் ரேஸில் கழித்துவிட்ட ஒரு செவலைப் பெண்குதிரையை வாங்கி வந்தார். அன்று பிடித்தது எனக்குத் தலைவலி.

வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அதன் குலப்பெருமையை அளப்பார். உலகத்து ரேஸ் குதிரைகளுக்கெல்லாம் மூதாதை, வெள்ளைக்காரன் அரபு தேசத்துப் பக்கமிருந்து தன் ஊருக்குக் கொண்டுபோன மூன்று ஆண்குதிரைகள்தானாம். அதில் ஒன்று பாரிஸ் தெருவில் தண்ணீர் வண்டிகூட இழுத்ததாம். "அப்ப இதையும் ஒழுங்கா இழுக்கச் சொல்லுங்க" என்பேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

பிறகு அதற்கு அரபிக் குட்டி வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஓசூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் அரபி ஆண்குதிரை இருப்பதாகக் கேள்விப்பட்டு, பிழைப்பைப் போட்டுவிட்டுக் குதிரையை நடத்திக்கொண்டே போனார். சேர்த்துவிட்டும் வந்தார். ஆனால் போகிற வழியில், கிருஷ்ணகிரிச் சந்தைத் திடலில், மட்டக்குதிரைகளுக்கு நடுவே அதைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். வேண்டாம் என்று யாரோ சொன்னதற்கு, "என் குதிரை இந்த மட்டத்தையெல்லாம் ஏறெடுத்தும் பாக்காதுங்க" என்றாராம். அதையும் பெருமையாக என்னிடமே வந்து சொன்னார்.

சினைக்குதிரையை வண்டியில் பூட்டக்கூடாது என்றார். நான் கடலைக்காய் மண்டியில் தொலி உரித்து உலை வைத்தேன். அந்தக் கூலியிலும் முதலில் குதிரைக்குக் கொள்ளு, மிச்சத்தில்தான் எங்களுக்குக் களி. நானும் அப்போது முழுகாமல் இருந்தேன். அதை அவர் யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டதாக நினைவில்லை. எரிச்சல் எரிச்சலாக வரும்.

என் பெண் பிறந்து ஒரு மாதத்தில் குதிரையும் ஈன்றது. குட்டி, வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"கிருஷ்ணகிரியில பக்கத்துல நின்ன மட்டம் இதே நிறந்தான்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ரத்தம் கெட்டுப்போச்சு. இது நம்ம வூட்ல இருக்கக் கூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, வெள்ளைக்காரன் அந்த அரபிக் குதிரைங்கள அவன் ஊர்க் குதிரைங்களோடதான சேத்தான்? அப்படிப் பொறந்ததுதான உங்க ரேஸ் குதிரை? அது உசத்தி, இது மட்டமா?"

அவர் வாயை அடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். சில நாள் கழித்து மண்டியிலிருந்து வந்து பார்த்தால் குட்டியைக் காணோம். பாப்பிரெட்டிப்பட்டியில் பால் கொடுக்கும் குதிரை வைத்திருந்த ஒருவருக்குச் சும்மாவே தூக்கிக் கொடுத்திருந்தார்.

தாய் கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றிக் கனைத்தது. தீனியைத் தொடவில்லை. மறுநாள் மடி வீங்கிக் கல்லாக இறுகிவிட்டது. அவர் கை வைத்தால் உதைத்தது. அந்த வலி எனக்குத் தெரியும். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மண்டியில் உட்கார்ந்த நாளெல்லாம் எனக்கும் பால் கட்டியிருக்கிறது.

என் பெண்ணை அவர் கையில் திணித்துவிட்டு, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே குதிரையின் பக்கத்தில் குந்தினேன். அது உதைக்கவில்லை. பீய்ச்சப் பீய்ச்சப் பால் மண்ணில் விழுந்தது. பிள்ளையை வைத்துக்கொண்டு நின்ற அவர் என்னையும் பார்க்கவில்லை, மண்ணையும் பார்க்கவில்லை.