கைதட்ட வந்தவர்களும் லெட்சுமியின் கூட்டுப் பணமும்

“கூட்டம் தானாகச் சேருவதில்லை, டீச்சர், சேர்க்கப்படுகிறது” என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் மாணிக்கம். மலேசியாவின் கோலசிலாங்கூர்ப் பக்கத்தில் பெரிய கட்சி ஒன்றுக்குப் பேருந்து பேருந்தாக ஆள் கொண்டுவந்து இறக்குபவர் அவர். முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் வருகைப் பதிவேடு வைத்திருந்த எனக்கு, ஆள் சேர்ப்பது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்தபடி ஒலிபெருக்கியைச் சோதித்துப் பழகிய அன்பர்களே, நீங்களாவது என்னைப் பார்த்துச் சிரிக்காதிருங்கள்.

என் பழைய மாணவன் சரவணன், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுபவன். தோட்டத்துச் சாலையில் நான்காவது முறையாக அச்சு முறிந்த அன்று, சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்பது என்று முடிவெடுத்தான். வைப்புத்தொகை ஐயாயிரம் வெள்ளியைக் கொடுத்தவள் லெட்சுமி. தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவள். பெண்கள் மாதந்தோறும் போடும் கூட்டுப் பணத்தில் அவளுடைய முறைக்கு வந்த தொகை அது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்தது. எட்டில் ஒரு பங்கு வாக்கு கிடைக்காவிட்டால் அவ்வளவும் அரசாங்கத்துக்குப் போய்விடும். கூட்டம் சேர்க்கும் பொறுப்பைச் சரவணன் என்னிடம் ஒப்படைத்தான்.

ஐம்பது நாற்காலிகள்

முதல் கூட்டத்துக்கு ஐம்பது நாற்காலிகளை ஐந்து வரிசையாக, இடைவெளி பிசகாமல் போட்டேன். ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் இருவர் நாற்காலி வாடகைக்கு விட்டவர்கள். திரும்ப ஏற்றிச் செல்லக் காத்திருந்தார்கள். லெட்சுமி முன் வரிசையில் அமர்ந்து, நிமிடத்துக்கொரு முறை திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த வழியாகப் போன மாணிக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, எதிரணி என்றும் பாராமல் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார்:

“நாற்காலிய கொறச்சுப் போடுங்க டீச்சர். அம்பதுல ஒம்பது பேருன்னா அவமானம். பத்துல ஒம்பது பேருன்னா மாநாடு லா!”

துண்டு

தொழிலை முறையாகக் கற்க வேண்டுமென்று மாணிக்கத்தின் கூட்டத்துக்கே மறுநாள் போனேன். ராசா, பத்தாங் காலி என்ற ஊர்களிலிருந்து மூன்று பேருந்துகள் வந்திருந்தன. எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். மேடையோரம் நிற்கும் மாணிக்கம் தோளில் கிடக்கும் துண்டைத் தூக்கினால் கைதட்ட வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஒழுங்கு அபாரமாக இருந்தது. என் ஆறாம் ஆண்டு வகுப்பில்கூட அப்படி நான் கண்டதில்லை.

வேட்பாளர் குரல் தழுதழுக்க, “போன மாதம் என் தந்தையை இழந்தேன்” என்றார். அன்று கொளுத்திய வெயிலில் மாணிக்கம் முகம் துடைக்கத் துண்டை எடுத்தார். பந்தலே அதிரும்படி கைதட்டல். பின்வரிசையில் ஒருவர் விசில்கூட அடித்தார். பதறிய மாணிக்கம், நிறுத்தச் சொல்லித் துண்டை வேகமாக ஆட்டினார். கைதட்டல் இரட்டிப்பானது.

கூட்டம் முடிந்ததும் மாணிக்கம் சீறினார். பிரியாணியை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் அமைதியாகச் சொன்னார்:

“எங்க மேல கோச்சிக்காதீங்க தம்பி. துண்டத் தூக்குனா தட்டுன்னீங்க, தட்டுனோம். அவரு என்னா பேசுறாருன்னு கேக்கச் சொல்லி யாரும் சொல்லலியே!”

வணக்கம், டீச்சர்

இத்தனையும் பார்த்த பிறகும் நான் திருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். லெட்சுமியின் பணம் என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. என் பழைய மாணவர்கள் அறுபது பேரைத் தொலைபேசியில் அழைத்து, வந்தே தீர வேண்டும் என்று கட்டளையிட்டேன். எந்த இடத்தில் “வாழ்க” சொல்ல வேண்டும் என்றும் விளக்கினேன்.

அறுபது பேரும் வந்தார்கள். நான் திடலுக்குள் நுழைந்ததும், மீசை நரைத்தவர்கள் உட்பட அனைவரும் எழுந்து நின்று “வணக்கம், டீச்சர்” என்று இழுத்துப் பாடினார்கள். பேசிக்கொண்டிருந்த சரவணனும் பேச்சை நிறுத்திக் கைகட்டி நின்றான். நான் அமரச் சொன்னேன். அமர்ந்தவர்கள் அதற்கு மேல் மூச்சு விடவில்லை. சரவணன் சாலையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு, ஒருவன் பேச அனுமதி வேண்டி என்னைப் பார்த்துக் கை உயர்த்தினான்.

லெட்சுமிதான் என்னைத் தனியே அழைத்துப் போனாள்.

“டீச்சர், கோவிச்சிக்காதீங்க. நீங்க நின்னா எல்லாரும் பரீட்சைக்கு வந்தவனுங்க மாதிரி உக்காந்திருக்கானுங்க. செத்த நேரம் லோரிக்குப் பின்னால போயி நில்லுங்க!”

லோரிக்குப் பின்னால்

போய் நின்றேன். ஐந்து நிமிடத்தில் திடல் சந்தைக்கடையானது. சாலைக் குழியில் விழுந்து கால் முறிந்தவன் ஒலிவாங்கியைப் பிடுங்கினான்; அவனிடமிருந்து அவன் மனைவி பிடுங்கினாள். தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து சட்டையைப் போட்டபடியே ஆட்கள் ஓடி வந்தார்கள். வேட்பாளனைப் பேசவே விடவில்லை. மழை பிடித்தது, ஒருவரும் கலையவில்லை. லோரித் தார்ப்பாயை அவிழ்த்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சாலையைப் பற்றிச் சண்டையிட்டார்கள். “வாழ்க” என்று ஒருவரும் சொல்லவில்லை. ஓரிருவர் சொன்னவை இங்கே எழுதத் தகுந்தவை அல்ல.

வாக்கு எண்ணினார்கள். சரவணன் மூன்றாம் இடம். ஆனால், எட்டில் ஒரு பங்கை இருபத்திரண்டு வாக்குகளில் தாண்டியிருந்தான். லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “தாண்டிட்டானா டீச்சர்? நெசமாவா?” என்று மூன்று முறை கேட்டாள். வெளியே மாணிக்கம் தலையில் கைவைத்து அமர்ந்திருந்தார். அவருடைய வேட்பாளரும் தோற்றிருந்தார்.

“மூணு பஸ்ஸு ஆளு டீச்சர்! ஒருத்தனுக்கும் இந்தத் தொகுதியில ஓட்டு இல்லைங்கறத நான் யோசிக்கவே இல்ல!”

நான் ஒழுங்குபடுத்திய கூட்டங்களால் யாருக்கும் ஒரு பயனும் விளையவில்லை. நான் ஒளிந்து நின்ற ஒரே கூட்டத்தால், மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளுக்கு முன்பாக லெட்சுமியின் கைக்குத் திரும்பி வந்தது முழுதாக ஐயாயிரம் வெள்ளி.