உறைக்குள் உறை

எண்பதுகளில் சங்ககிரி லாரி ஆபீஸ் ஒன்றில் வண்டிப் பேப்பர்களின் நகல்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உரிமையாளருக்கு ஒரு பெரிய உறை, அதற்குள் லாரிக்கொரு சின்ன உறை, அதற்குள் பேப்பர்கள் என்று மூன்று நாள் உட்கார்ந்து அடுக்கினேன்.

நான்காம் நாள் ஒருவர் வந்து தன் லாரியின் பர்மிட்டைக் கேட்டார். அவர் உறையில் அந்த லாரியே இல்லை.

"ஆர்.சி. மச்சான் பேருலீங்க. பர்மிட்டு இன்னும் எங்கப்பன் பேருலதானுங்க இருக்குது."

"அப்ப வண்டி யாருதுங்க?" கத்தியேவிட்டேன்.

"எங்கூட்டு வண்டிங்க," என்றார், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல.

எல்லாவற்றையும் தரையில் கொட்டினேன். வெளி உறையில் லாரி எண்ணை எழுதி, உரிமையாளர்களை உள்ளே தள்ளினேன்.

மறுவாரம் அவரே வந்தார். நம்பர் கேட்டேன்.

"நம்பரு டிரைவருக்குத்தானுங்க தெரியும். அவன் வண்டியோட பம்பாய் போயிட்டானுங்க."