கூடையைக் கேட்டார்களா?

வேலைநீக்கத்தை எதிர்த்து மனுப் போடும் முப்பது நாள் கெடு முடிந்து நான்காம் நாள்தான் பாஞ்சாலை வந்தார். 1982, ஏப்ரல். தேயிலை மலையூரான தானா ராத்தாவில் ஒரு மளிகைக் கடை மாடியில் இருந்தது வழக்கறிஞர் அகஸ்டினின் அலுவலகம். பதினொரு ஆண்டுகளாக அவர் தொழிலாளர் வழக்குகள் மட்டுமே பார்த்துவந்தார்.

பாஞ்சாலை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கங்காணியிடம் எதிர்த்துப் பேசியிருக்கிறார். மார்ச் மூன்றாம் தேதி காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்தபோது அவர் பெயரை மட்டும் வாசிக்கவில்லை. அந்தத் தேதியையே வேலைநீக்க நாளாக எழுதி, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டு மனுப் போட்டார் அகஸ்டின். தாமதம் என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. தள்ளுபடியானால் வேலையோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

அகஸ்டினை ஒரு கேள்வி குடைந்தது. வாய்த்துடுக்கான இந்தப் பெண் ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தார்?

விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். பனியில் பெரட்டு நடந்தது. வரிசைக் கடைசியில் பாஞ்சாலை, முதுகில் கூடையோடு.

"அக்கா, இங்க என்ன பண்றீங்க?"

"தினம் வர்றேன்ல. பேரு கூப்புடலன்னா கோவம். பத்து நாள்ல தணியும். இந்தத் தடவ தணியல, அதான் ஒங்ககிட்ட வந்தேன்."

"அப்ப வேலைய விட்டு நிறுத்திட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

"ஸ்டோர்ல கூடைய திருப்பிக் கேப்பாங்க. கேட்டாத்தான் சீட்டு கிழிஞ்சிச்சு." சிரித்தார். "நீங்களும் தோட்டத்துல பொறந்தவருதானே? கோட்டுப் போட்டதும் மறந்துட்டீங்களா லாயரய்யா?"

அகஸ்டின் மறக்கவில்லை, அவருக்குத் தெரியாது. அவர் அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் கூடையே இருந்ததில்லை.

தொழிலாளர் அலுவலக விசாரணையில் அகஸ்டின் எழுந்தார். "மனுவில் உள்ள தேதி என் பிழை" என்றார். பிறகு நிர்வாகத்தின் சாட்சியாக வந்த தோட்டக் கணக்கர், கிராணி சிங்காரத்திடம் திரும்பினார்.

"இவங்க கூடை எங்க?"

"அவங்ககிட்டதாங்க."

"ஒங்க முப்பது வருஷ வேலையில, நிறுத்தின ஆளுகிட்ட கூடைய வாங்காம விட்டதுண்டா?"

சிங்காரம் தோட்ட மேலாளரான துரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "இல்லீங்க."

மார்ச் மூன்று வேலைநீக்க நாள் அல்ல, மனு உரிய காலத்தில்தான் வந்தது என்று விசாரணை அதிகாரி ஏற்றார். இரண்டு வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. பெரட்டில் பாஞ்சாலையின் பெயரை வாசிப்பதைக் காதால் கேட்க அகஸ்டின் மறுபடியும் தோட்டத்துக்குப் போனார். அதன்பின் தோட்டத்திலிருந்து யார் வந்தாலும், தேதியைக் கேட்கும் முன் ஒன்று கேட்பார்: "ஒங்ககிட்டேருந்து என்ன திருப்பி வாங்குனாங்க?" ஒருவரிடம் கொழுந்து வெட்டும் கத்தரியை, இன்னொருவரிடம் மழைச்சட்டையை வாங்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் குறித்து வைத்தார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அந்தப் பட்டியல் இல்லை.

1988 நவம்பரில் அகஸ்டின் மாரடைப்பில் இறந்தார். வயது ஐம்பத்திரண்டு. அடக்கத்துக்கு மறுநாள் பாஞ்சாலை தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான ரிங்லெட்டிலிருந்து பஸ் ஏறி அவர் வீட்டுக்கு வந்தார். அகஸ்டினின் மகள், பொறியாளரான பார்பரா கதவைத் திறந்தாள்.

பாஞ்சாலை வாசலில் நின்றபடியே கேட்டார்.

"அப்பா ஆபீஸ் சாவிய கீழ மளிகைக் கடைக்காரரு திருப்பிக் கேட்டாரா பாப்பா?"

"இன்னும் கேக்கல."

பாஞ்சாலை தலையாட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.