மூன்றாம் பெட்டியின் கைப்பிடி

மகள் தின்னர் போத்தலைத் திறந்த வாசனை குசினிவரை வந்தது. என் வாப்பா செய்த சின்ன ரயிலுக்கு அவள் இரண்டு நாளாகச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கிறாள். இந்த வாசனை வந்தால் எனக்கு ஒன்பது வயதாகிவிடும்.

கொழும்புக்கு வேலைக்குப் போன என் மூத்த அண்ணன், நானா, மாத்தளை ஸ்டேஷனில் மூன்றாம் பெட்டியின் வாசல் கைப்பிடியில் தொங்கியபடி கையசைத்துப் போனார். அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. தையல்காரரான வாப்பா தன் அளவு டேப்போடு ஸ்டேஷனுக்குப் போய், அதே ரயிலை அளந்து வந்து பலகையில் செய்தார். கதவின் நசுங்கல்கூடத் தப்பவில்லை. கைப்பிடிகளுக்குக் குடைக்கம்பி.

"ஆள் உருவம் மட்டும் செய்ய வேணாங்க. உருவம் இருக்கிற வீட்டுக்குள்ள வானத்து மலக்குமார் வர மாட்டாங்க," என்றார் உம்மா. அதனால் பெட்டிகள் காலியாகவே நின்றன.

ஆனால் மூன்றாம் பெட்டியின் கைப்பிடியில் மட்டும் பெயிண்ட் தங்கவில்லை. வாப்பா எத்தனை தடவை அடித்தாலும் சில நாளில் கம்பி தெரிந்தது. நானாவின் கைதான் என்று நம்பி ரயில் இருந்த அறைக்குள் போகவே பயந்தேன். ஒரு நாள் நடுப்பகல் லுஹர் தொழுகை நேரம் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தேன். தொழுகைப் பாயிலிருந்து எழுந்த உம்மா, அந்தக் கைப்பிடியை இரண்டு விரலால் இறுகப் பிடித்து, ரயிலைப் போகவிடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"உம்மா, இங்க வாங்களேன்! நேத்துத்தானே அடிச்சேன், இந்தக் கம்பியில மட்டும் பெயிண்ட் போயிருக்கு," என்று மகள் கூப்பிட்டாள்.

சிவந்திருந்த இரண்டு விரல்களையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனேன்.