காட்டுச் செர்ரியின் பட்டை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் நண்பர் ஒருவர் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். ஒரு வாய்தான், குமட்டிக்கொண்டு வந்தது. பாலில் குற்றமில்லை, அந்த எசன்ஸ் வாசனை எனக்கு ஆகாது. "சுகருங்களா?" என்றார் பாவம். தலையாட்டி வைத்தேன்.

உங்களிடம் மறைப்பானேன். பல வருடங்களுக்கு முன் நான் கல்லூரியில் தற்காலிகத் தாவரவியல் வாத்தியார். வாய் மட்டும் நிரந்தரம். வெள்ளிமலைக்கு மேலே ஓடையோரம் ஒரு காட்டுச் செர்ரி மரம் நின்றது. அந்தப் பக்கத்தில் நான் பார்த்தது அது ஒன்றுதான். இலையின் அடியில், காம்பை ஒட்டி, இரண்டு சின்னச் சுரப்பிகள். பூ வெள்ளையாக, பொடியாக, கொத்தாக வரும். பழம் உயரத்தைவிட அகலம் ஜாஸ்தி, யாரோ மேலிருந்து அமுக்கிவிட்ட மாதிரி. உள்ளே கொட்டைதான், சதை பேருக்கு. கேக் மேல் வைக்கிற செர்ரி என்று நினைத்துக் கடித்துவிடாதீர்கள். நான் கடித்தேன்.

அதைக் காட்டியவர் அண்ணாமலை. அவருடைய சாமைக் கொல்லை ஓரத்தில்தான் மரம். "மூட்டப்பூச்சி மரம் சார். எலைய கசக்கிப் பாருங்க, அதே நாத்தம். மாடுகூட வாய் வெக்காது" என்றார். எனக்கென்னவோ பாதாம் வாசனைதான் வந்தது. "இன்னா நாத்தமா இருந்தா இன்னா, அது பாட்டுக்கு நின்னுக்கினு கெடக்கு. எங்கப்பனும் வெட்டல, நானும் வெட்டல."

அடுத்த மாதம் நாற்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஹெர்பேரியத் தாளில் அரிய செடி ஒட்டினால் மார்க் கூட விழும் என்று ஆசை காட்டியதும் நான்தான். கிளைகளை ஒடித்தார்கள். போகட்டும், துளிர்க்கும். பட்டையில் வாசனை இன்னும் தூக்கலாக இருக்கும், ஆளுக்கொரு துண்டு சீவி முகர்ந்து பாருங்கள் என்று என் கத்தியை நீட்டினேன். மரத்தைச் சுற்றி நின்று சீவினார்கள். எல்லோருக்கும் நெஞ்சு உயரம்தான் வசதியாக இருந்தது.

"சுத்திப் பூரா உரிஞ்சிட்ச்சே சார், பரவால்லீங்களா?" அண்ணாமலை மட்டும் கேட்டார்.

"ஒண்ணும் ஆவாதுங்க" என்றேன்.

பட்டையை வளையமாக உரித்தால் வேருக்குச் சாப்பாடு இறங்காது, மரம் செத்துவிடும் என்று அதற்கு முந்தின வாரம்தான் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருந்தேன். அதே வாய். நினைத்தால் இப்போதும் என்மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்துப் போனபோது மரம் விறகாக நின்றது. அண்ணாமலை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "பசங்கல்லாம் பாஸாய்ட்டாங்களா சார்?" என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார்.

இப்போது அந்த இடத்தில் மரவள்ளி. மலையில் வேறெங்காவது ஒரு மரம் இருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவே இல்லை. கேட்டால் அந்த மனுஷன் காட்டிவிடுவார்.